அம்மா இருந்த வார்டில் ஐந்து பேருக்கு வயிற்றுப்போக்கு: எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

தோட்டத்துப் பூங்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் வசிக்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவிய என் அம்மாவுக்கு இப்போது 68 வயது. இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பதால் காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் சீழ் வைத்துவிட்டது. வேறு ஊரில் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அதன் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள், புண்ணும் தேறி வந்தது. ஆனால் ஒன்பதாம் நாள் இரவு அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. விடிவதற்குள் ஏழு முறை போய்விட்டது, காய்ச்சலும் வந்தது. எதிர்க் கட்டிலில் இருந்த பாட்டிக்கு அதற்கு நான்கு நாள் முன்பே இதே நிலை. அடுத்த பத்து நாள்களில் மேலும் மூவருக்கு வந்தது. ஆக மொத்தம் ஐந்து பேர்.

அதன் பிறகு இரண்டு அதிகாரிகள் வந்து ஒரு நீண்ட படிவத்தை வைத்துக்கொண்டு விசாரித்தார்கள். அம்மா என்ன சாப்பிட்டார், யார் யார் பார்க்க வந்தார்கள், எந்தக் கழிவறைக்குப் போனார், எந்த நாளில் எந்தக் கட்டிலில் இருந்தார் என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் தூக்குச் சட்டியில் ரசமும் சோறும் கொண்டுபோனதைச் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலையில் வெளி உணவு கொண்டுவரக் கூடாது என்று வார்டு வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களின் உறவினர்கள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. என் கையால் கொடுத்த சோறுதான் இத்தனை பேரையும் படுக்கையில் தள்ளிவிட்டதா என்று எண்ணி இரண்டு இரவுகளாக உறக்கம் இல்லை. யாரும் எதையும் விளக்கவும் இல்லை.

இப்படிப்பட்ட விசாரணை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். நாங்கள் நினைவிலிருந்து சொல்லும் விவரங்களால் உண்மையிலேயே பயன் உண்டா?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் எழுதியது:

மகளே, வணக்கம். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் பல ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் பார்த்ததைப் போன்ற படிவத்தை நூற்றுக்கணக்கான வீடுகளிலும் வார்டுகளிலும் நானே நிரப்பியிருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரத்திலேயே உங்கள் மனச்சுமையைக் குறைக்கக்கூடிய செய்தி இருக்கிறது. எதிர்க் கட்டில் பாட்டிக்கு உங்கள் அம்மாவுக்கு நான்கு நாள் முன்பே தொடங்கிவிட்டது என்கிறீர்கள். அந்தப் பாட்டி உங்கள் ரசத்தைச் சாப்பிட்டாரா? சாப்பிடவில்லை என்றால், அவருக்கு முன்பே வந்துவிட்ட நோய்க்கு உங்கள் உணவு காரணமாக முடியாது. விசாரணையின் முதல் வேலையே இப்படி நாள்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பதுதான்.

முதலில் யாரை நோயாளியாகக் கணக்கில் எடுப்பது என்று ஒரு வரையறை செய்துகொள்வோம். ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகிய மலம் போனவர், இந்தத் தேதிக்குப் பிறகு, இந்த வார்டில் இருந்தவர் என்பது போல எழுத்தில் இருக்க வேண்டும். வரையறை இல்லாமல் எண்ணத் தொடங்கினால், பேதி மருந்து குடித்தவரும் பட்டியலில் ஏறிவிடுவார். அடுத்து, லைன் லிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரி என்று வயது, கட்டில் எண், சேர்ந்த நாள், நோய் தொடங்கிய நாளும் மணியும், உண்டது, உட்கொண்ட மருந்து எல்லாம் ஏறும். பிறகு எந்த நாளில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கட்டம் கட்டமாக வரைவோம். எல்லோரும் ஒரே மதிய உணவை உண்டு, ஓரிரு நாளுக்குள் மொத்தமாக விழுந்திருந்தால் படம் ஒற்றைக் குன்று போல எழும்பி இறங்கும். நான்கு நாள், ஒரு வாரம் என்று இடைவெளி விட்டு ஒவ்வொருவராக விழுந்தால், ஆளிலிருந்து ஆளுக்கோ, ஒரு பொருளிலிருந்து ஆளுக்கோ தொற்றிக்கொண்டு போகிறது என்று ஐயப்பட வேண்டும். உங்கள் வார்டில் நடந்தது இரண்டாவது வகையாகவே எனக்குத் தெரிகிறது.

நேரம் மணிக்கணக்கில் ஏன் தேவைப்படுகிறது என்றால், ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனித் தவணை உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் உணவில் கக்கி வைத்த நச்சு 1 மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைக்கும். சால்மொனெல்லாவுக்குப் பெரும்பாலும் 6 முதல் 72 மணி நேரம் ஆகும். சீதபேதியைத் தரும் ஷிகெல்லாவுக்கு ஒன்று முதல் மூன்று நாள், டைஃபாய்டுக்கோ வாரக்கணக்கு. ஆகவே "நேற்று ராத்திரி" என்று சொல்வதற்கும் "நேற்று இரவு பத்தரை மணிக்கு, மருந்து கொடுக்க வந்த தாதி போன பிறகு" என்று சொல்வதற்கும் மிகுந்த வேறுபாடு இருக்கிறது. உங்கள் நினைவினால் பயன் உண்டா என்று கேட்டீர்கள் அல்லவா? வார்டுக் குறிப்பேட்டில் இல்லாத அந்த மணிக்கணக்கு உங்களிடம்தான் இருக்கும்.

மருத்துவமனைச் சமையல் கூடத்திலிருந்து பரவியதற்குப் பலரும் சுட்டும் எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரில் இருந்த ஸ்டான்லி ராய்ட் மனநல மருத்துவமனை. 1984 ஆகஸ்டில் அங்கே 355 நோயாளிகளும் 106 பணியாளர்களும் சால்மொனெல்லாவால் பாதிக்கப்பட்டார்கள். 19 நோயாளிகள் இறந்தார்கள். சமைத்த மாட்டிறைச்சியைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே நெடுநேரம் வைத்திருந்து, மறுநாள் குளிர்ந்த நிலையிலேயே பரிமாறியதுதான் காரணம் என்று விசாரணையில் முடிவானது. அரசு மருத்துவமனைச் சமையல் கூடங்கள் உணவுச் சட்டத்துக்கு வெளியே இருந்த நிலையை அந்நாடு மாற்றிக்கொண்டதற்கு அந்த மரணங்கள் முக்கியக் காரணம். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், அதாவது சட்டம் 342, உணவு நச்சுப்பாட்டை 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக வைத்திருக்கிறது. 2018இல் கெடா மாநிலம் பாலிங்கில் லக்சா என்ற நூடுல்ஸ் உணவைச் சாப்பிட்டவர்களில் இருவர் இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதுவும் சால்மொனெல்லாதான்.

நோய் வராதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்பார்கள். இதைக் கண்டுதான் உறவினர்கள் அதிகம் எரிச்சல் அடைவார்கள். நோயுற்ற ஐந்து பேரும் காலையில் மைலோ குடித்தார்கள் என்பதில் ஒன்றும் இல்லை. நலமாக இருக்கும் இருபது பேரும் அதே மைலோவைக் குடித்திருப்பார்கள். இரு தரப்புக்கும் இடையே எதில் வேறுபாடு இருக்கிறதோ அங்கேதான் விடை இருக்கும்.

என் பணிக்காலத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வார்டில் நோயுற்றவர்களின் கட்டில்களைக் கட்டத்தாளில் குறித்தபோது அவை பக்கத்துப் பக்கத்தில் இல்லாமல் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. உணவும் ஒத்துப்போகவில்லை, தண்ணீரும் ஒத்துப்போகவில்லை. தரை துடைக்கும் அம்மாதான், "இவங்க யாருக்கும் நடக்க முடியாதுங்க ஐயா, எல்லாருக்கும் அந்த ஒரு நாற்காலிதான் போகும்" என்று சக்கரம் வைத்த கமோட் நாற்காலியைக் காட்டினார். அதைக் கவிழ்த்துப் பார்த்தோம். மேற்புறம் பளபளப்பாக இருந்தது. இருக்கையின் அடியில் ரெக்சின் கிழிந்து, உள்ளே இருந்த பஞ்சு ஊறிப் பழுப்பேறியிருந்தது. ஒவ்வொரு முறையும் மேலே மட்டும்தான் துடைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் அம்மா எந்தக் கழிவறைக்கு, எந்த நாற்காலியில் அழைத்துச் செல்லப்பட்டார் என்ற கேள்வியை உங்கள் மீது வீசப்பட்ட குற்றச்சாட்டாக எண்ண வேண்டாம்.

இரவுப்பணித் தாதி எழுதியது:

பூங்கொடி அக்கா, நான் பேராக்கில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருந்தவர், மருத்துவமனையில் பல நாள் இருந்தவர், முதியவர், ஒன்பதாம் நாள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்றெல்லாம் படித்தவுடனே என் மனம் சி. டிஃப் பக்கம்தான் போனது. முழுப் பெயர் கிளாஸ்ட்ரிடியோய்டெஸ் டிஃபிசில். சோதனை முடிவு இல்லாமல் அதுதான் என்று நான் சொல்லக் கூடாது; ஆனால் மருத்துவர்கள் அதைத் தேடியிருப்பார்கள் என்பது உறுதி.

நம் குடலில் எண்ணற்ற நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. புண்ணுக்காகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் அவற்றையும் சேர்த்து அழித்துவிடுகிறது. காலியான அந்த இடத்தில் இந்தக் கிருமி பெருகி, குடல் சுவரைப் புண்ணாக்கும் நச்சைச் சுரக்கிறது. 1935இலேயே பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டிருந்தாலும், ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்று தெளிவானது 1978இல்தான். உடலுக்கு வெளியே இது விதை போன்ற உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். கட்டில் கம்பியிலும் கதவுக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் அந்த வித்துகளை, நாங்கள் வார்டு வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் ஜெல் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கையிலிருந்து கழுவி வெளியேற்ற வேண்டும். பரப்புகளைக் குளோரின் கரைசலால் துடைக்க வேண்டும். ஜெல் தடவிய கைகளோடு பொறுப்பாகத்தான் நடந்துகொள்கிறோம் என்று நம்பி, கட்டில் கட்டிலாக நாங்களே கிருமியைக் கொண்டுபோகும் ஆபத்து இதில் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மெய்ட்ஸ்டன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் மருத்துவமனைகளில் 2004க்கும் 2006க்கும் இடையே நடந்ததை எங்கள் துறையில் எல்லோரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சுமார் 90 மரணங்களுக்கு சி. டிஃப் உறுதியாகவோ பெரும்பாலும் அப்படியோ முதன்மைக் காரணம் என்று 2007இல் வந்த அறிக்கை மதிப்பிட்டது. கட்டில்கள் நெருக்கமாக இருந்தன, தாதியர் போதவில்லை, கழிவறைக்கு அழைத்துச் செல்ல ஆளின்றி நோயாளிகளைப் படுக்கையிலேயே போகச் சொன்னார்கள் என்று அதில் பதிவாகியிருக்கிறது. அதைவிட என்னை உலுக்கியது, 2005 இலையுதிர் காலத்தில் எழுந்த முதல் பரவலை நிர்வாகம் பரவல் என்றே உணராமல் விட்டது. அன்றாடம் எண்ணிக்கையை அடுக்கிப் பார்க்க ஆள் இல்லாததால் நோய் கண்ணெதிரே கடந்துபோயிருக்கிறது. உங்கள் வார்டில் ஐந்தாவது ஆளிலேயே அதிகாரிகள் படிவத்தோடு வந்தார்கள் என்றால், அங்கே யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

வெளி உணவுத் தடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காரணம் தெரியாத முதல் நாளில் எல்லா வாசல்களையும் சேர்த்துத்தான் அடைப்பார்கள். சமையல் கூடத்தையும் அதே நாளில் சோதித்திருப்பார்கள், அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் அந்த அறிவிப்பை ஒட்டியவர்கள் உங்களை ஓரமாக அழைத்து இரண்டு நிமிடம் விளக்கியிருக்க வேண்டும். விளக்காதது தவறுதான், அதற்குச் சமாதானம் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இருப்பவன் எழுதியது:

ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு திருத்தம் மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இடைவெளி விட்டு ஒவ்வொருவராக விழுந்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியது என்று சி. டிஃப் நோயில் அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் 2007 முதல் 2011 வரை 1,200க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கிருமிகளை முழு மரபணு வரிசையாகப் படித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முந்தைய நோயாளி ஒருவரின் கிருமியோடு நெருங்கிய உறவு இருந்தது ஏறத்தாழ 35 விழுக்காட்டினருக்கு மட்டுமே. 45 விழுக்காட்டினரின் கிருமி முந்தைய எவருடையதோடும் ஒட்டாத தனி வம்சமாக இருந்தது. அதாவது, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவருக்கு ஒரே நோய் வந்தாலும், ஒவ்வொருவரும் அதை வெளியிலிருந்தே, எந்த அறிகுறியும் இல்லாமல், குடலில் சுமந்துகொண்டு வந்திருக்கலாம். ஆன்டிபயாட்டிக்தான் இருவருக்கும் பொதுவாக இருந்திருக்கும்.

அதனால்தான் எங்களிடம் வரும் மலத்தில் இளகியதை மட்டுமே இதற்காகச் சோதிப்போம். கெட்டியான மலத்தில் தேடினால், நோயே இல்லாமல் கிருமியை மட்டும் சுமப்பவர்களும் நோயாளிகளாகக் கணக்கில் ஏறிவிடுவார்கள். கிருமி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது நச்சைச் சுரக்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் சோதனையில் ஆம் என்று வந்த பிறகும் நச்சுச் சோதனை செய்வது அதனால்தான். குணமடைந்தபின் மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். நலமான பிறகும் சில வாரங்கள் ஆம் என்றே காட்டக்கூடும்.

ஆய்வுக்கூடம் மட்டும் போதாது என்பதற்கு 2011இல் ஜெர்மனியில் நடந்ததைச் சொல்லலாம். ஈ. கோலை என்ற குடல் கிருமியின் ஓ104 வகையால் ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்று, 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மே மாத இறுதியில் ஹம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயில் கிருமி இருப்பதாக அறிவித்தார்கள். கிருமி இருந்தது உண்மைதான், ஆனால் அது வேறு வகை. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போய்விட்டது. உண்மையான காரணம் முளைகட்டிய வெந்தயம். உணவுத் தட்டின் ஓரத்தில் அலங்காரமாகத் தூவியிருந்த முளைகளைச் சாப்பிட்டது நோயாளிகள் பலருக்கு நினைவிலேயே இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் ஒரே உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய ரசீதுகளையும் படங்களையும் கொண்டு யார் எதை வாங்கினார்கள் என்று உறுதி செய்து, அந்தப் பதார்த்தத்தில் என்னென்ன போட்டீர்கள் என்று சமையல்காரரிடம் கேட்டார்கள். நோயுற்ற ஒவ்வொருவருக்கும் முளை பரிமாறப்பட்டிருந்தது. தினமும் குழம்பில் வெந்தயம் போடுகிற நாம், கொதிக்க வைத்ததற்கும் பச்சையாக முளைகட்டியதற்கும் உள்ள வேறுபாட்டை இதில் கவனிக்கலாம். அக்கா, உங்கள் ரசமும் கொதித்துத்தானே இறங்கியிருக்கும்?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் எழுதியது:

தம்பியின் திருத்தத்தை ஏற்கிறேன். எங்கள் காலத்தில் மரபணு வாசிப்பு இல்லை. ஆளிலிருந்து ஆளுக்குப் பரவிய சங்கிலி என்று நாங்கள் எழுதி மூடிய கோப்புகளில் சில சங்கிலியே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த முடிவு வரும்வரை கமோட் நாற்காலியை ஓட விட முடியாது. ஐயத்தின் பேரிலேயே நோயாளியைத் தனியறைக்கு மாற்றி, பொருள்களைப் பிரித்து வைத்து, தேவையற்ற ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த முடியுமா என்று மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நான் சிறுவனாக இருந்தபோது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்காவது சீதபேதி என்றால் தோட்டத்து மருந்தக உதவியாளரான டிரசர் வீடு வீடாக வந்து, எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தீர்கள், பிள்ளையை ஆயாக்கொட்டாயில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டீர்களா என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுவார். என் பாட்டி அவரிடம் ஒன்றையும் மறைக்கமாட்டார்.

தோட்டத்துப் பூங்கொடி எழுதியது:

உங்கள் அனைவருக்கும் என் நன்றி. ஐயாவின் பதிலைப் படித்த அன்றிரவே மகளின் பள்ளி நோட்டில், அம்மா சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளாக நினைவுபடுத்தி எழுதினேன். ஐந்தாம் நாள் கால் புண்ணைச் சுத்தம் செய்த பிறகு அம்மாவால் நடக்க முடியாமல் போனதும், அன்றிலிருந்து நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதும் எழுதும்போதுதான் நினைவுக்கு வந்தன. எதிர்க் கட்டில் பாட்டியும் அதே நாற்காலியில்தான் போவார். அதை அதிகாரியிடம் கொடுத்தபோது, அவர் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். ரசத்தைப் பற்றி நானே கேட்டேன். "அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லையம்மா, அன்றே சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

அம்மாவையும் சேர்த்து நால்வருக்கு சி. டிஃப் நச்சு இருப்பது உறுதியாகியிருக்கிறது. ஐந்தாவது ஆளுக்கு மலச்சிக்கலுக்காகக் கொடுத்த மருந்தினால் போயிருக்கிறது என்றார்கள். அந்த நாற்காலியையும் கட்டில்களையும் துடைத்து மாதிரி எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. அம்மா தனியறையில் வாய்வழி வான்கோமைசின் என்ற மருந்து எடுத்துக்கொள்கிறார், இப்போது ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் போகிறது. வருகிற வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரே கழிவறை, ஏழு வயதுப் பிள்ளையும் இருக்கிறாள். நான் எப்படி ஆயத்தம் செய்ய வேண்டும்?

இரவுப்பணித் தாதி எழுதியது:

மனம் நிறைந்தது அக்கா. குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் போத்தல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பங்கு வெளுப்பானுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்தால் போதும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே கலக்க வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை நீக்கிவிட்டு, பிறகு கரைசலைக் கழிவறை இருக்கையின் மேலும் கீழும், தண்ணீர் இழுக்கும் பிடியிலும், குழாய்த் திருகிலும், கதவுக் கொண்டியிலும் தடவிப் பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். கையுறை போட்டு, கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடு மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு வரும். அம்மா போய்வந்த ஒவ்வொரு முறையும் துடைக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் பிள்ளை போவதற்கு முன்பாவது துடையுங்கள். அழுக்கான கைலியைத் தனியாக, முடிந்த அளவு சூடான தண்ணீரில் துவையுங்கள். பிள்ளைக்கு ஜெல் கொடுத்துப் பழக்காமல், சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். நலமாக இருக்கும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு குறைவுதான், அஞ்ச வேண்டாம்.

ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது திரும்ப வரும், பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள். மீண்டும் மூன்று முறை இளக்கமாகப் போனால் கடையில் மாத்திரை வாங்கி நிறுத்தப் பார்க்காமல், அன்றே அழைத்துப் போங்கள். கால் புண்ணுக்கோ சளிக்கோ எந்த கிளினிக்குக்குப் போனாலும், மருந்து எழுதுவதற்கு முன்பே அம்மாவுக்கு சி. டிஃப் வந்திருந்தது என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பள்ளி நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.